கியர்பாக்ஸ் உதறுகிறது, வாரண்டி முடியப்போகிறது: நான் என்ன செய்வது?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் கார் கம்பெனியின் பெயரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார். புதிதாக வாங்கி இரண்டு வருடம் பத்து மாதம் ஆகிறது, 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரண்டி மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை. முதல் வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு, நெரிசலில் ஊர்ந்து போகும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகிற இடத்தில் வண்டி உதற ஆரம்பித்தது. ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் நகர்கிறது. ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது கியர்பாக்ஸ் சூடேறிவிட்டதாக எச்சரிக்கை வந்து, இழுவை போய், வண்டிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. பக்கத்து சீட்டில் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா.

மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கிறார். முதல் முறை சாஃப்ட்வேர் அப்டேட். இரண்டாம் முறை கிளட்சுக்கு 'அடாப்டேஷன்' செய்ததாகச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் சில வாரம் நன்றாக ஓடி, மறுபடி அதே உதறல். மூன்றாம் முறை, "இந்த டைப் கியர்பாக்ஸ் இப்படித்தான் இருக்கும், நார்மல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இவர் நிற்கும்போதே கணவரிடம், "மேடம் ஓட்டுற விதம்தான் சார் காரணம்" என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். கிளட்ச் தேய்மானப் பாகம், வாரண்டியில் வராது. ஒருமுறை வெளியில் ஆயில் மாற்றியிருப்பதால் வாரண்டியே செல்லாமல் போகலாம். இதெல்லாம் வாய்மொழியாகச் சொன்னவை.

மூன்று முறை பழுதானால் புதுக் கார் கேட்கலாமா என்பது அவர் கேள்வி. தவணையை நிறுத்து, ஓடி வருவார்கள் என்கிறார் மைத்துனர். தெரிந்த மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கலாம் என்கிறார். வாரண்டி இருக்கும்போதே யாரிடமும் சொல்லாமல் விற்றுவிடலாம் என்கிறார் கணவர். "எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது, நான்தான் சரியாக ஓட்டவில்லையோ" என்று முடித்திருக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. வாரண்டி வழக்குகளில் வருகிறவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், இதே சந்தேகத்தோடுதான் வருகிறார்கள். அதனால் முதலில் அந்தப் பேச்சை முடித்துவிடுவோம்.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் 1, 3, 5 ஆகிய கியர்களுக்கு ஒரு கிளட்ச், 2, 4, 6-க்கு இன்னொன்று. இரண்டையும் பிடிப்பதும் விடுவதும் கணினியின் வேலை; உங்கள் காலுக்கு அதில் பங்கே கிடையாது. நெரிசலில் ஊரும்போது முதல் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடேறும். கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்கும் வகை என்றால் அந்தச் சூட்டை எண்ணெய் எடுத்துச் செல்லும். உலர் வகை என்றால் சுற்றியுள்ள காற்றை விட்டால் வேறு வழி இல்லை. சூட்டில் கிளட்ச் முகப்பு பளபளத்துப்போகலாம். கியர்பாக்ஸின் சீல் கசிந்து எண்ணெய் அதன்மேல் படலாம். கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டர் பழுதாகலாம். மென்பொருள் தவறான நேரத்தில் பிடிக்கச் சொல்லலாம். எதுவானாலும் பிடிப்பு சீராக இல்லாமல் விட்டுவிட்டு வரும். அதைத்தான் நீங்கள் உதறல் என்கிறீர்கள்.

ஓட்டுபவரின் பங்கு என்று நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைத்திருப்பது. இது கிளட்சை வேகமாகச் சூடாக்கும். இந்த வகைக் கார்களின் மேனுவல்களில் பெரும்பாலும் எச்சரிக்கையாகவே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அப்படி ஒரு பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், கேட்டால் மறைக்காதீர்கள். அந்தப் பழக்கம் இல்லையென்றால், நெரிசலில் ஊர்ந்து போனதை யாரும் தவறான ஓட்டுதல் என்று சொல்ல முடியாது. நெரிசலில் ஓடுவதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காரை விற்றார்கள்.

இந்தப் பழியைச் சுமந்தவர் நீங்கள் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் 'பவர்ஷிஃப்ட்' இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் பொருத்திய ஃபீஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் இதே போன்ற உதறல் வந்தது. புகார் சொன்ன வாடிக்கையாளர்கள் பலரிடம், நீங்கள் ஓட்டும் விதத்தால் வருகிறது என்றே சொல்லப்பட்டது. அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. புகார்களைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உங்கள் காரிலும் அதே குறைதான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. 'ஓட்டுற விதம்' என்ற பதிலைச் சோதனை செய்யாமல் சொன்னால் அது நீதிமன்றத்தில் நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது?

கடிதத்தோடு மூன்று ஜாப் கார்டுகளின் (புகாரையும் செய்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதுகிற தாள்) படமும் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்குக் கவலை வந்தது. கடிதத்தில் இரண்டு பக்கத்துக்கு நீங்கள் விவரித்த குறை, முதல் ஜாப் கார்டில் 'வாடிக்கையாளர் புகார்' என்ற கட்டத்தில் "ஜெனரல் செக்கப்" என்று இருக்கிறது. இரண்டாவதில் "கியர் சத்தம், பார்க்கவும்". மூன்றாவதில் மறுபடி "கியர் சத்தம்"; அதன் கீழே "டெஸ்ட் டிரைவ் 2 கி.மீ., ஓகே". மூன்றிலும் அடியில் 'திருப்தி' என்ற வரிக்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து.

நாளைக்கு இது ஒரு நுகர்வோர் மன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் இந்த மூன்று தாள்களை நீட்டி, உதறல் என்று இவர் ஒருநாளும் புகார் சொல்லவே இல்லை என்பார். நீங்கள் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். தாளில் அது இல்லை. வாரண்டி தகராறில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இந்தச் சின்னக் கட்டத்தில்தான். சர்வீஸ் அட்வைசர் வேண்டுமென்றே மாற்றி எழுதினார் என்று நான் சொல்லவில்லை. காலை நேரக் கூட்டத்தில், வரிசையில் நிற்கிற பலரில் ஒருவராக உங்களைப் பார்த்து, கைக்கு வந்த சொல்லை எழுதியிருப்பார். விளைவு என்னவோ ஒன்றுதான்.

அடுத்த முறை வண்டியை விடும்போது குறையை ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். நோயை நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். "கிளட்ச் போய்விட்டது" என்று எழுதினால், கிளட்சைப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். வண்டி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது, அதை மட்டும் எழுதுங்கள்: "அரை மணி நேரம் நெரிசலில் ஓடிச் சூடான பிறகு, மெதுவாக நகரும்போது, 1-லிருந்து 2-ஆம் கியருக்கு மாறுகையில் உதறல். ரிவர்ஸ் போட்டபின் தாமதம்." இதே வாசகம் ஜாப் கார்டில் ஏறினால்தான் கையெழுத்து. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஓடோமீட்டர் எண் அதில் இருக்க வேண்டும். எடுக்கும்போது குறை தீரவில்லை என்றாலோ, ஓட்டிப் பார்க்காமலே எடுக்கிறீர்கள் என்றாலோ, கையெழுத்துக்கு மேலே "குறை தீர்ந்ததா என்று ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று கையால் எழுதுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

டெஸ்ட் டிரைவ் விஷயமும் அப்படித்தான். இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் 2 கி.மீ. ஓட்டினால் உங்கள் குறை வராது; சூட்டில் வருகிற குறை அது. நீங்கள் நேராக நெரிசலில் ஓட்டிக்கொண்டு போய், என்ஜினை அணைக்காமல், டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து, உதறல் வருகிற இடத்திலேயே காட்ட வேண்டும். முடிந்தால் கணவரை உடன் அழைத்துப்போய், ஆர்.பி.எம். முள்ளும் வேகமானியும் தெரிகிறபடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உதறும்போது முள் துடிப்பது தெரியும். ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஸ்கேன் அறிக்கை. கியர்பாக்ஸ் கணினி தான் கண்ட பிழைகளை எண்களாகச் சேமித்து வைக்கிறது. பி07 (P07) என்று தொடங்குபவை கியர்பாக்ஸைச் சேர்ந்தவை. பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை. பி0218 என்றால் கியர்பாக்ஸ் அளவுக்கு மீறிச் சூடேறியது. பிழை வந்த கணத்தில் வேகம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பதும் பல நேரம் கூடவே பதிவாகும். மேம்பாலத்தில் நின்றுபோன அன்று ஏதாவது பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். சர்வீஸில் இந்தக் குறியீடுகளை அழித்துவிடுவது உண்டு. அழித்தால் அந்தப் பதிவும் போயிற்று. அதனால், "ஸ்கேன் செய்து, அழிப்பதற்கு முன் பிரிண்ட் தரவும்" என்பதையும் உங்கள் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். முந்தைய மூன்று முறையும் எடுத்த ஸ்கேன் அறிக்கைகளையும், ஏற்றிய சாஃப்ட்வேரின் பதிப்பு எண்ணையும் மின்னஞ்சலில் கேளுங்கள். அடாப்டேஷன் என்பது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது. அது செய்த பிறகு சில வாரம் நன்றாக ஓடி மறுபடி உதறுகிறது என்றால், அடியில் இருக்கிற காரணம் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அந்த வரிசையே உங்களுக்குச் சாட்சி.

தேய்மானப் பாகம் என்ற பதில்

வாரண்டி புத்தகத்தில் கிளட்ச் முகப்பு, பிரேக் பேட், வைப்பர் போன்றவை தேய்மானப் பட்டியலில் இருக்கும், உண்மைதான். அதோடு பேச்சு முடிந்துவிடாது. ஏன் தேய்ந்தது என்பதே கேள்வி. சீல் கசிந்து எண்ணெய் பட்டதால் கிளட்ச் கெட்டது என்றால், சீல் வாரண்டிக்கு உட்பட்ட பாகம். அதன் விளைவாகக் கெட்டதையும் சேர்த்துச் சரிசெய்யக் கேட்க உங்களுக்கு வலுவான நியாயம் உண்டு. ஆக்சுவேட்டர், மென்பொருள் என்றாலும் அதே வாதம். காரணம் எதுவென்று சோதித்துச் சொல்லாமல் 'தேய்மானம்' என்று நிறுத்துவது அரைப் பதில். இன்னொரு முரணையும் நீங்கள் கவனித்திருக்க வேண்டும்: ஒரே மூச்சில் 'எல்லாம் நார்மல்' என்றும் 'கிளட்ச் தேய்ந்துவிட்டது' என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. எது என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளியில் ஆயில் மாற்றியது

நீங்கள் மாற்றியது என்ஜின் ஆயிலும் ஃபில்ட்டரும். கியர்பாக்ஸ் எண்ணெயை யாரும் தொடவில்லை. இதற்கும் கிளட்ச் உதறலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம், எங்கள் பாகத்தையோ எங்கள் சர்வீஸையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதையே பொதுவாகத் தடை செய்கிறது. எல்லா நாட்டிலும் அவ்வளவு தெளிவான விதி இல்லை. ஆனாலும் பழுதுக்கும் வெளி சர்வீஸுக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வி எங்கேயும் எழும். அந்தக் கடையின் பில்லில் ஆயிலின் தரக் குறியீடும் தேதியும் கி.மீ.யும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயை வெளியில் மாற்றி, தவறான வகை ஊற்றியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இரண்டு மாதத்தில் முடிகிற வாரண்டி

அந்தத் தேதியோடு எல்லாம் போய்விடும் என்று நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். வாரண்டி காலத்துக்குள் தெரிவித்து, தீர்க்கப்படாமல் நிற்கிற குறையைத் தேதி முடிந்த பிறகும் கேட்கலாம். அதற்கு, தெரிவித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும்; உங்கள் ஜாப் கார்டுகள் இப்போதிருக்கிற நிலையில் அது போதாது. ஆகவே இந்த வாரமே டீலருக்கும் கார் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சல், கூடவே பதிவுத் தபால். கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். இவ்வளவு போதும்:

"என் காரின் சேஸிஸ் எண் இது. கீழ்க்கண்ட மூன்று தேதிகளில், இந்தக் கி.மீ. அளவுகளில், ஒரே குறைக்காகக் காரை ஒப்படைத்தேன். குறை: சூடான நிலையில் மெதுவாக நகரும்போது 1-லிருந்து 2-ஆம் கியருக்கு மாறுகையில் உதறல், ரிவர்ஸில் தாமதம், இந்தத் தேதியில் சூடேறிய எச்சரிக்கையுடன் சாலையில் இழுவை இழப்பு. ஜாப் கார்டுகளில் இது முழுமையாகப் பதிவாகவில்லை. குறை இன்றுவரை தீரவில்லை. வாரண்டி காலத்துக்குள் தெரிவிக்கப்பட்ட, தீர்க்கப்படாத குறையாக இதைப் பதிவு செய்து, காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்து தரவும். மறுப்பதாக இருந்தால், வாரண்டியின் எந்த விதியின்படி, எந்தச் சோதனை முடிவை வைத்து மறுக்கிறீர்கள் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியம்தான் இதில் முக்கியம். வாயால் மறுப்பது எளிது. விதி எண்ணைப் போட்டு, கையெழுத்தும் போட்டு மறுக்க வேண்டும் என்று வரும்போது, பல நேரம் விஷயம் சர்வீஸ் அட்வைசரைத் தாண்டி நிறுவனத்தின் டெக்னிக்கல் ஆளிடம் போகிறது. அவரை வரவழைப்பதுதான் நமக்கு வேண்டியது.

அதே மின்னஞ்சலில், உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது), சர்வீஸ் கேம்பெய்ன், நீட்டிக்கப்பட்ட வாரண்டி ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். பரவலாகப் பழுதாகிற கியர்பாக்ஸுக்கு நிறுவனங்களே வாரண்டியை நீட்டியது உண்டு. நிசான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் வகை) கியர்பாக்ஸுக்கு 5 வருடம், 60,000 மைல் என்றிருந்ததை 10 வருடம், 1,20,000 மைலாக ஆக்கியது. இப்படிப்பட்ட சலுகை இருந்தும், கேட்காததால் தெரியாமலே சொந்தக் காசில் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று முறை பழுதானால் புதுக் காரா?

இந்த நம்பிக்கை எப்படியோ எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. இதைப் படிப்பவர்களும் பல நாடுகளில் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தியாவில் 'மூன்று முறை' என்று ஒரு விதி கிடையாது. 2006-இல் மாருதி உத்யோக் தொடர்பான ஒரு வழக்கில், குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் வாரண்டியின் கடமை, முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தயாரிப்பிலேயே குறை என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபித்தால் நிலைமை மாறலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சோதிக்காமல் தெரியாத குறை என்றால் ஆணையம் அதைத் தகுந்த சோதனைக்கு அனுப்பவும் வழி உண்டு. காலக்கெடு இரண்டு ஆண்டு. முதல் புகார் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு.

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி ஒருமுறை சரிசெய்தும் தீராவிட்டால் காரைத் திருப்பிக் கொடுக்கவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குப் பிறகு, குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று நிரூபிக்கிற பொறுப்பு வாங்கியவர் தலையில். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் இருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான 'லெமன் லா' சட்டத்திலும் அதே ஆறு மாதக் கணக்குத்தான். ஆஸ்திரேலியாவில் சட்டம் தருகிற உத்தரவாதம் கம்பெனி வாரண்டியிலிருந்து தனியானது, அதன் தேதியோடு முடிவதில்லை. பெரிய குறை என்றால் பணமா மாற்றுக் காரா என்று தேர்வது வாங்கியவரே. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, பெரும்பாலும் காரின் தொடக்க காலத்துக்கு மட்டும். கனடாவில் கார் நிறுவனங்களோடான தகராறுக்கு 'கேம்வாப்' என்ற நடுவர் ஏற்பாடு உண்டு, வாங்கியவருக்குக் கட்டணம் இல்லை. மலேசியாவில் 1999-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் நுகர்வோர் தீர்ப்பாயம். இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை.

உங்கள் கார் மூன்று வருடத்தை நெருங்குகிறது. என் கணிப்பில், புதுக் கார் கேட்டுத் தொடங்கினால் வருடக்கணக்கில் இழுபடும். கிளட்ச் தொகுதியையும் அதைக் கெடுத்த பாகத்தையும் முழுதாக மாற்றி, மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டி எழுதித் தரவேண்டும் என்று கேட்டால், கிடைக்கிற வாய்ப்பு நல்லபடி இருக்கிறது. அதற்குப் பிறகும் அதே குறை வந்தால், அப்போது உங்கள் கையில் இருக்கிற கோப்பு இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கனமாக இருக்கும்.

உறவுகள் சொன்ன யோசனைகள்

தவணையை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் காரை விற்றவருக்கும் உள்ள ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தனித்தனி. டீலர் ஓடி வரமாட்டார். வண்டியை எடுத்துப்போக வங்கியின் ஆள்தான் வருவார். காரும் போய், அதோடு சாட்சியும் போய்விடும்.

மெக்கானிக் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இந்த நிலையில் கியர்பாக்ஸை வெளியில் இறக்கினால், உள்ளே என்ன இருந்தாலும் 'இறக்கினவர் செய்தது' என்று ஆகிவிடும். தனி நிபுணரின் கருத்து வேண்டும் என்றால், பிரிக்காமல் ஓட்டிப் பார்த்தும் ஸ்கேன் செய்தும் அறிக்கை தரச் சொல்லுங்கள். பிரிக்கத்தான் வேண்டும் என்றால், இன்ன தேதியில் பிரிக்கிறோம், உங்கள் ஆள் வரலாம் என்று டீலருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

கணவரின் யோசனைக்கு வருகிறேன். அவர் அலுத்துப்போய்ச் சொல்கிறார், புரிகிறது. காரை விற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குறையை மறைத்து விற்றால், மூன்று ஜாப் கார்டும் இனி அனுப்பப்போகிற மின்னஞ்சலும் உங்களுக்கு எதிராகவே திரும்பும். வாங்குகிறவர் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டால் சேஸிஸ் எண்ணிலேயே வந்துவிடும். அதைவிட, அந்த வண்டி அடுத்தவர் குடும்பத்தோடு அதே மேம்பாலத்தில் நிற்கும். சொல்லி விற்றால் விலை குறையும். வாரண்டியில் பாகம் மாறி, அதற்குத் தாளும் இருந்தால் அந்தக் குறைவும் பெரும்பாலும் சரியாகிவிடும். விற்பதானாலும் அதற்கு அப்புறம் விற்கலாம்.

அதுவரை வண்டியை எப்படி ஓட்டுவது?

சூடேறிய எச்சரிக்கை வந்தால் ஒதுக்கி நிறுத்தி, பார்க்கிங்கில் போட்டு, எச்சரிக்கை போகும்வரை காத்திருங்கள்; 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று தள்ளாதீர்கள். இன்னொரு முறை சாலையில் இழுவை போனால் அது வாரண்டி தகராறைத் தாண்டிப் பாதுகாப்புப் பிரச்சினை. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடமும், இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரீகால் விதிகளின்படி அரசு தளத்திலும் புகார் பதியலாம். ஒரே மாடலுக்குப் புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை வரும். உங்கள் புகாரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

அப்பாவின் டயாலிசிஸ் நாட்களில் இந்தக் காரை நம்பி இருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். டீலரிடம் மாற்று வண்டி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் வாடகை வண்டியில் போய், ஒவ்வொரு பில்லையும் தேதிவாரியாக ஒரு உறையில் போட்டு வையுங்கள். பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது அது கணக்கில் வரும்.

15 நாளில் வருகிற பதிலின் நகலை எனக்கு அனுப்புங்கள். மறுத்திருந்தால் எந்த விதி எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் பற்றிப் பேசுவோம். பதிலே வராவிட்டாலும் எழுதுங்கள். அப்படியானால், வாரண்டி முடிவதற்கு ஒரு வாரம் முன்பாவது வண்டியை நான்காம் முறை உள்ளே விட்டு, நீங்கள் எழுதிய வாசகத்தோடு ஒரு ஜாப் கார்டு வாங்கிவிடுங்கள்.